மூச்சு நிற்கிற இடம்

செம்பாறைப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் பேரூராட்சித் தலைவர் நஃபீஸத்தைப் பற்றி முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள். பட்டென்று முடிவெடுக்கிற ஆள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் ஆற்றை ஒட்டிக் கிடக்கிற சின்ன ஊர் அது. சாக்கடை அடைத்துக்கொண்டது என்று ஒருவர் வந்து நின்றால், அவர் தெருவின் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே நஃபீஸத் ஃபோனைக் காதில் வைத்திருப்பாள். முந்தின தலைவர் எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்று சொல்லியே பதவிக்காலத்தை ஓட்டியவர். அதனால் ஊருக்கு இந்த வேகம் பிடித்திருந்தது. அவளுக்கும்தான். கணவர் அசன் மைதீன் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிறவர். வீட்டு முடிவுகளை ஒற்றை ஆளாக எடுத்துப் பழகியவளுக்கு ஊர் முடிவுகள் அப்படியொன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் மன்றக் கூட்டத்தில் பேச எழுந்து, பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

எதிர்த்தரப்பு உறுப்பினர் பெனிட்டோதான் அன்று பேசிக்கொண்டிருந்தார். கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர். அவர் குரல் எழும்பினால் மன்றக் கூடத்தின் சன்னல் கண்ணாடி அதிரும். "புது பைப் லைன் போட்டு ரோட்டைச் சரியா மூடக்கூட இல்ல. அதுக்குள்ள தொறப்பு விழா வச்சிட்டிய. அப்படி என்ன அவசரம்? போட்டோ புடிக்கவா?" என்று கேட்டார்.

நஃபீஸத்திடம் பதில் தயாராக இருந்தது. ஆனால் எழுந்து நின்றதும் உதடு மரத்தது. விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போல இருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பையச் சரிந்து உட்கார்ந்தாள். பெனிட்டோ பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, "தண்ணி கொண்டாங்க வே" என்று வெளியே பார்த்துக் கத்தினார்.

அவள் நாத்தனார் மகன் ஆதில் காரை எடுத்தான். கட்சி வேலை, தலைவர் வேலை என்று எப்போதும் அவளுடனேயே திரிகிறவன். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. "ஹார்ட்டு நல்லாத்தான் இருக்கு. மூச்சை அளவுக்கு மீறி இழுக்கிறீங்க. அதான் கை மரத்துப் போகுது" என்றார் டாக்டர். கீழ்த்தளத்தில் பிசியோதெரபி பிரிவுக்குப் போய் ரெனிஷா என்பவரைப் பார்க்கச் சொன்னார்.

நஃபீஸத்துக்கு அது கொஞ்சம் அவமானமாக இருந்தது. மூச்சு விடத் தெரியவில்லை என்று ஒருத்தியை அனுப்புவார்களா?

ரெனிஷா மணப்பாட்டுப் பெண். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். கட்டிலில் படுக்கச் சொல்லி, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைக்கச் சொன்னாள். "இப்போ பாருங்கம்மா, எந்தக் கை எழும்புது?"

நெஞ்சில் இருந்த கை மட்டும் ஏறி இறங்கியது. வயிற்றின் மேல் இருந்தது அசையவே இல்லை. நஃபீஸத் தலையைத் தூக்கி அதை வேடிக்கை பார்த்தாள். இத்தனை வருஷம் தன் உடம்புக்குள் நடந்துகொண்டிருந்த ஒன்றை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

"பச்சைப் பிள்ளைக்கு வயிறுதான் எழும்பும். ஒங்களுக்கு அது மறந்து போச்சு. நெறயப் பேருக்கு மறந்துதான் போவுது" என்றாள் ரெனிஷா. "மூக்கு வழியா இழுங்க. பெறவு சூடான சாயாவை ஊதுத மாதிரி பைய விடுங்க. சாயா தளும்பக் கூடாது. இழுக்குததைவிட விடுதது நீளமா இருக்கணும். அவ்வளவுதான்."

"இதைச் செஞ்சா கோவம் போயிருமா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. மயக்கம் வராது, அதை மட்டும் சொல்லுதேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணு செய்ங்க. நாள் பூரா எப்பெப்போ மூச்சைப் பிடிச்சு வைக்கியன்னு பாத்துட்டு வாங்க. மாத்தவெல்லாம் வேண்டாம், சும்மா பாருங்க. அடுத்த தடவை வரும்போது எங்கிட்டச் சொல்லுங்க" என்றாள்.

"நான் எதுக்குப் பிடிச்சு வைக்கப் போறேன்?"

ரெனிஷா சிரித்தாள். நஃபீஸத் வீம்புக்காகத்தான் அந்த வேலையை ஏற்றுக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே மாட்டிக்கொண்டாள். ஃபோன் அடித்தது. திரையில் பெனிட்டோவின் பெயர். எடுத்துக் காதில் வைத்த பிறகுதான் உணர்ந்தாள், பெயரைப் பார்த்த நொடியிலிருந்து மூச்சே விடவில்லை. ஊசியில் நூல் கோர்க்கும்போது நின்றது. கோப்பில் கையெழுத்துப் போடும்போது, அதுவும் கடைசி எழுத்தின் கீழே கோடு இழுக்கிற வரைக்கும், நின்றது. தம்மாமிலிருந்து கணவர் பேசும்போது "சரி, வேற?" என்று அவர் கேட்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றது. ஏன் அந்த இடத்தில்? அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அடுத்த அழைப்பில் அந்த இடம் வருகிறதா என்று காத்திருந்து பார்த்தாள். வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன, சிரிக்க?" என்று அவர் கேட்டார். "ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் பேசுங்க" என்றாள். அன்று அவர்கள் வழக்கத்தைவிட நெடுநேரம் பேசினார்கள்.

தொழுகையில்கூட, ஓதுகிற வரிகளுக்கு நடுவே மூச்சுக்கென்று இயல்பாகவே இடம் இருப்பதையும், தான் அந்த இடங்களையெல்லாம் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருந்ததையும் கவனித்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு அந்தக் கவனிப்பு மற்றவர்கள் பக்கம் திரும்பியது. செயல் அலுவலர் நீலாம்பாள், நிதி வரவில்லை என்று சொல்லும் முன் சின்னதாக ஒரு பெருமூச்சு விடுவார். நிதி வந்துவிட்டது என்று சொல்லும் முன்பும் அதே பெருமூச்சுதான். ஆதில் பொய் சொல்லும்போது வாயால் மூச்சு விடுவான். பெனிட்டோ கத்துவதற்கு முன் அவருடைய தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும். அடுத்த கூட்டத்தில் அந்தத் தோள்கள் ஏறுவதைப் பார்த்து, 'இந்தா, இப்போ வரும்' என்று மனதுக்குள் நினைத்தாள். வந்தது. சன்னல் அதிர்ந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அவளுக்குக் கோபம் வரவில்லை. மழை வரும் என்று தெரிந்து குடையோடு நிற்கிறவளைப் போல நின்றாள். தன் மூச்சை நீளமாக விட்டாள். அப்புறம்தான் பதில் சொன்னாள். அந்தப் பதில் அவளே எதிர்பாராத அளவுக்குச் சிறியதாக இருந்தது: "நீங்க சொல்லுததுல பாதி சரி அண்ணாச்சி." பெனிட்டோ உட்கார்ந்துவிட்டார்.

இதெல்லாம் ஒரு விளையாட்டுப் போலத்தான் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடங்கள் திறந்து கொஞ்ச நாளில் அது விளையாட்டாக இல்லாமல் போயிற்று.

காலையில் வகுப்பில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. பிறகு இன்னொன்று. மதியத்துக்குள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை. ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். தண்ணீர்தான் காரணம் என்று பேச்சு பரவியது. அதிலும் புது பைப் லைன் தண்ணீர்தான் என்று இன்னொரு பேச்சு. ஆற்றுப் படுகையில் இருக்கிற உறைகிணற்றிலிருந்து நீரேற்றி, மேல்நிலைத் தொட்டி வழியாக ஊருக்கு விடுகிற ஏற்பாடு அது. பழைய குழாய்கள் எட்டாத தெருக்களுக்குப் புதிதாகக் குழாய் போட்டு, விழா நடத்தி, நஃபீஸத்தான் வால்வைத் திருகித் திறந்துவைத்திருந்தாள்.

அவள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் கூட்டம் சாலை வரைக்கும் நின்றது. நெசவுத் தெருக்காரர்கள், மாதா கோவில் தெருக்காரர்கள், கடைவீதி ஆட்கள் என்று எல்லோரும் கலந்து நின்றார்கள். முன்வரிசையில் பெனிட்டோ. "மொத்தச் சப்ளையையும் நிறுத்துங்க. இப்பவே நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஆதில் அவளை உள்ளே இழுத்துப் போனான். ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீரைக் கையில் கொடுத்தான். "மாமி, வெளிய போயி எல்லாரும் பாக்க இதைக் குடிச்சுக் காட்டுங்க. 'நானே குடிக்கேன், தண்ணி நல்லாத்தான் இருக்கு'ன்னு மைக்குல சொல்லிருங்க. வீடியோ எடுத்து எல்லாக் குரூப்புலயும் போட்டுருதேன். அதோட முடிஞ்சிரும்."

அது அவளுக்குப் பிடித்த மாதிரியான யோசனை. பட்டென்று செய்யக்கூடியது, எல்லோர் கண்ணிலும் படக்கூடியது. டம்ளரோடு படிக்கட்டுக்கு வந்தாள். கூட்டம் சத்தத்தைக் குறைத்தது. ஆதில் ஃபோனைத் தூக்கிப் பிடித்தான். டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது, பழக்க தோஷத்தில், அவளுக்குத் தன் மூச்சு எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது.

அது இல்லவே இல்லை. தொண்டைக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

எதற்காக நின்றது? இத்தனை நாள் நூலுக்கும் கையெழுத்துக்கும் ஃபோனுக்கும் கேட்ட அதே கேள்வியை இப்போதும் கேட்டாள். டம்ளரை இறக்கிப் பிடித்தபடி மூச்சை வெளியே விட்டாள். சாயா தளும்பாத அளவுக்கு மெதுவாக. மறுபடி இழுத்து, மறுபடி விட்டாள். கூட்டத்துக்கு அது நெடுநேரமாகத் தெரிந்திருக்க வேண்டும். "என்ன, தலைவரம்மா தூங்கிட்டாவளா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

அவள் பக்கத்தில் நின்ற ஆதிலிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள். "ஏலே, இது எந்தக் குழாய்த் தண்ணி?"

ஆதில் வாயால் மூச்சு விட்டான். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்ததும் உண்மையைச் சொன்னான். "குழாயா? ஆபீஸ் கேன்ல புடிச்சதுதான் மாமி. குழாய்த் தண்ணியைப் போயி உங்களைக் குடிக்கச் சொல்லுவேனா?"

நஃபீஸத் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். கடையில் வாங்கிய கேன் தண்ணீரைக் குடித்துக் காட்டி, ஊரின் குழாய்த் தண்ணீர் நல்லது என்று சொல்ல இருந்தாள். பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு வந்து நிற்கிறவர்கள் அதை நம்பி, வீட்டுக்குப் போய் மிச்சப் பிள்ளைகளுக்கும் அந்தத் தண்ணீரையே ஊற்றிக் கொடுத்திருப்பார்கள்.

டம்ளரைப் படிக்கட்டின் ஓரமாக வைத்தாள். மைக்கை வாங்கினாள். "தண்ணி நல்லா இருக்கா, கெட்டுப் போச்சான்னு எனக்குத் தெரியாது" என்றாள். "தெரியாததைத் தெரியும்னு சொல்லுததுக்கு எனக்கு விருப்பமில்ல. நான் கொஞ்சம் கேக்கேன், நீங்க பதில் சொல்லுங்க. பிள்ளைக்கு முடியாமப் போனவங்க மட்டும் முன்னால வாங்க."

"கேள்வி கேக்குத நேரமா இது?" என்றார் பெனிட்டோ. ஆனாலும் வழிவிட்டு ஒதுங்கினார்.

எந்தத் தெரு என்று கேட்டாள். நெசவுத் தெரு, மாதா கோவில் தெரு, அதற்கடுத்த குடியிருப்பு. எல்லாமே ஊர்ச் சாக்கடை ஓடுகிற வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவை. பாலத்துக்கு இந்தப் பக்கம், அதே புதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. பெரியவர்களுக்கு வந்திருக்கிறதா என்று கேட்டாள். ஒன்றிரண்டு பேர் கை தூக்கினார்கள். அவ்வளவுதான்.

"ஒரே வீடு, ஒரே தண்ணி. பிள்ளைகளுக்கு மட்டும் ஏன்?" என்று மைக்கிலேயே கேட்டாள். அது கூட்டத்தைப் பார்த்துக் கேட்டதா, தன்னைத் தானே கேட்டுக்கொண்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. கூட்டமும் யோசிக்க ஆரம்பித்தது. ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டார்கள்.

மாதா கோவில் தெரு விக்டோரியா முன்னால் வந்தார். "தலைவரம்மா, எங்க குழாயில தண்ணி வார முன்னாடி புஸ்ஸுன்னு காத்து வரும். பெறவு கொஞ்சம் கலங்கலா வரும், அதைக் கீழ விட்டுருவோம். தெளிஞ்சதும் முதல்ல பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துப் பாட்டில்தான் புடிப்போம். நேரமாயிரும்லா. குடமெல்லாம் அதுக்கப்புறம்தான்."

செயல் அலுவலர் நீலாம்பாள் அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார். இந்தத் தடவை அதற்கு அர்த்தம் இருந்தது. "மேடம், சப்ளை நின்னதும் குழாய் வெளியே இருக்கிறதை உள்ளே இழுக்கும். பாலத்துக்கிட்ட எங்கேயாவது விரிசல் இருந்தா சாக்கடைத் தண்ணியைத்தான் இழுத்திருக்கும். மறுநாள் முதல்ல வர்றது அதுதான்" என்றார்.

நஃபீஸத் இன்னொரு முறை மூச்சை விட்டாள். பாலத்துக்கு முன்னால் இருக்கிற வால்வை உடனே அடைக்கச் சொன்னாள். அந்தப் பக்கத் தெருக்களுக்கு லாரித் தண்ணீர். வீட்டில் பிடித்து வைத்திருப்பதைக் கொட்டிவிட வேண்டும். மற்றத் தெருக்காரர்கள் பரிசோதனை முடிவு வரும்வரை கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும்.

"மொத்தமா நிறுத்தணும்னு நான் சொன்னேன்" என்றார் பெனிட்டோ.

"நிறுத்தினா ஊர் முழுக்க லாரிக்கு நிக்கும் அண்ணாச்சி. அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேராது. நான் தப்பா முடிவெடுத்திருக்கலாம். நாளைக்குக் காலையில தோண்டிப் பாத்துருவோம்."

கூட்டம் கலையத் தொடங்கியபோதுதான் அலிமா பீவி அவளுக்கு எதிரே வந்து நின்றாள். நெசவுத் தெருவில் தறி ஓட்டுகிறவள். மகள் ஸமீஹாவை ஆஸ்பத்திரியில் கிடத்திவிட்டு வந்திருந்தாள். தெருவில் பார்க்கும்போதெல்லாம் சொந்த அக்காவைக் கூப்பிடுவதுபோல 'லாத்தா' என்றுதான் நஃபீஸத்தைக் கூப்பிடுவாள். இன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"எம்புள்ள கண்ணைத் தொறக்காமக் கெடக்கு. நீங்க பரிட்சையில கேள்வி கேக்குத மாதிரி அந்தத் தெருவா, இந்தத் தெருவான்னு கேக்கிய. ஒங்க மூஞ்சியில ஒண்ணுமே இல்லையே தலைவரம்மா. கல்லு மாதிரில்லா நிக்கிய."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

நஃபீஸத் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். இதை ரெனிஷா சொல்லித் தரவில்லை. பதறாமல் நின்றதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்திருந்தது. எதிரே நின்றவளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. முன்பு அவள் கத்துவாள், கையை ஆட்டுவாள், ஃபோனைத் தூக்குவாள். பாதி நேரம் அதனால் ஒரு பிரயோஜனமும் இருக்காது. ஆனால் தங்களுக்காக ஒருத்தி துடிக்கிறாள் என்று அதைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். இப்போது என்ன தெரிந்தது?

லாரி ஏற்பாட்டை நீலாம்பாளிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள். ஆதில் கூட வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றாள்.

ஸமீஹாவுக்கு ஏழெட்டு வயது இருக்கும். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. அலிமா பீவி கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். நஃபீஸத்தைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நஃபீஸத் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அலிமாவின் தோள் பட்பட்டென்று ஏறி இறங்குவதைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள்.

"கை மரத்துப் போவுதா?" என்று கேட்டாள் நஃபீஸத்.

அலிமா திரும்பிப் பார்த்தாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. மீட்டிங்குல, எல்லாருக்கும் முன்னால. செத்துருவேன்னு நெனச்சேன்." அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எங்கூட ஊதுங்க. சாயா ஆத்துத மாதிரி. பைய."

இருவரும் ஊதினார்கள். அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். முதலில் அலிமாவின் மூச்சு பாதியிலேயே அறுந்தது. பிறகு கொஞ்சம் நீண்டது. அலிமாவின் தோள் இறங்க இறங்க, நஃபீஸத்துக்குக் கண் நிறைந்தது. முக்காட்டு நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். படிக்கட்டில் வராதது இங்கே வந்தது. அலிமா அவளைத் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "லாத்தா, டியூபுல சொட்டு நின்னு போச்சு பாருங்க. நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க" என்றாள். நஃபீஸத் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் பாலத்துப் பக்கம் தோண்டினார்கள். சாக்கடையை இறைத்து வெளியேற்றி, மண்ணை அள்ளிப் போட்டு, குழாயைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. நீலாம்பாள் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பழைய குழாய் இல்லை, புதுக்குழாய்தான். சாக்கடையைக் கடக்கிற இடத்தில் மேலே ஒரு இரும்புக் குழாயைப் போர்த்தியிருக்க வேண்டும். போர்த்தவில்லை. மூட்டு விலகி, அதன் வாயில் கறுப்புச் சேறு ஒட்டியிருந்தது.

ஏன் போர்த்தவில்லை என்று நஃபீஸத் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரும்புக் குழாய் வந்து சேர இன்னும் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்று குழாய் பதிக்கும்போதே ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார். விழாத் தேதியைத் தள்ள முடியாது, முதலில் முடியுங்கள், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவள் நஃபீஸத். அப்புறம் அவள் அதைப் பார்க்கவில்லை.

ஆதில் அவள் காதுக்கருகில் வந்தான். "மாமி, இங்கன நம்ம ஆளுகதான் நிக்காங்க. பழைய பைப்புதான் ஒடஞ்சிருக்குன்னு சொல்லி மூடிருவோம். புதுசா ஒண்ணு போட்டுட்டா யாருக்குத் தெரியும்?"

சரி என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் வந்தது. அந்த ஆசை எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று உள்ளுக்குள் பார்த்துக்கொண்டே மூச்சை இழுத்தாள், விட்டாள். ஆசை போகவில்லை. இன்னொரு முறை விட்டாள். அப்போதும் அது அங்கேயேதான் இருந்தது. அதற்கு மேல் காத்திருந்தால் அதற்கு இணங்கிவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. ஃபோனை எடுத்து பெனிட்டோவை அழைத்தாள்.

"அண்ணாச்சி, பாலத்துக்கு வாரியளா? குழியை மூட முன்னாடி நீங்க ஒரு பார்வை பாக்கணும்."

பெனிட்டோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் வைத்திருப்பது ஹார்டுவேர் கடை. யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. மூட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தோள்கள் காதை நோக்கி ஏறின. நஃபீஸத் காத்திருந்தாள். ஆனால் சத்தம் வரவில்லை. "இதை எனக்கு எதுக்குக் காட்டுதிய?" என்று மட்டும் கேட்டார்.

"நான் மட்டும் பாத்தா மூடிருவேன். அதுக்குத்தான்."

அவசரக் கூட்டத்தில் அவள் நடந்ததைச் சொன்னாள். குரல் நடுங்கியது. எத்தனை முறை மூச்சை நீட்டி விட்டாலும் அந்த நடுக்கம் போகவில்லை. நடுக்கத்தோடேயே சொல்லி முடித்தாள். பெனிட்டோ விட்டுக்கொடுக்கவில்லை. கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். அவளுடைய கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். தீர்மானத்தைப் பதிவு செய்யும்படி நீலாம்பாளிடம் அவளே சொன்னாள். பாலத்துக் குழாயை இரும்புப் போர்வையோடு மாற்றுவதற்கான அடுத்த தீர்மானத்தை முன்மொழிந்தவரும் பெனிட்டோதான். அது ஒருமனதாக நிறைவேறியது.

பரிசோதனை முடிவும் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கத் தண்ணீரில் மட்டும்தான் கழிவு கலந்திருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள். ஸமீஹா கடைசியாக வந்தவர்களில் ஒருத்தி. வந்த அன்றே பிரியாணி கேட்டு அடம்பிடித்தாள் என்று அலிமா சொன்னாள். ஊரில் நஃபீஸத்தைப் பற்றிய பேச்சு இரண்டாகப் பிரிந்தது. தப்பை ஒத்துக்கொண்டவள் என்றார்கள் சிலர். தப்புச் செய்தவள்தானே என்றார்கள் மற்றவர்கள். இரண்டும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது. அடுத்த தேர்தலில் நிற்பதா என்று ஆதில் கேட்டதற்கு, தெரியவில்லை என்றாள். தெரியவில்லை என்ற சொல்லை அவள் இப்போது கொஞ்சம் தாராளமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழாய் வேலை முடிந்த வாரம், பெனிட்டோ அவளுடைய அறைக்கு வந்தார். கதவைத் தாண்டி உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார். வழக்கமாக உள்ளே வந்து மேசையைத் தட்டுகிறவர்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "அன்னைக்குப் படிக்கட்டுல டம்ளரை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் சும்மா நின்னியளே. என்ன செஞ்சிய? ஓதினியளா?"

"இல்ல அண்ணாச்சி. மூச்சு விட்டேன்."

"அதைத்தான் எல்லாரும் விடுதோம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். உக்காருங்க, சொல்லுதேன்."

அவர் உட்கார்ந்தார். தனக்கு ரத்த அழுத்தம் இருப்பதையும், ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் ராத்திரி தூக்கம் வராமல் புரள்வதையும், வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னார். நஃபீஸத் ரெனிஷாவின் பெயரையும் ஆஸ்பத்திரியின் எந்தத் தளம் என்பதையும் சொன்னாள். ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைக்கச் சொன்னாள். கோப்பில் கையெழுத்து வாங்க வந்த நீலாம்பாள், தலைவரும் எதிர்த்தரப்பு உறுப்பினரும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

பெனிட்டோ குனிந்து தன் கைகளையே பார்த்தார். நெஞ்சின் மேல் இருந்தது மட்டும் ஏறி இறங்கியது. "அட" என்றார். மறுபடி இழுத்துப் பார்த்தார். "இந்தக் கை அசையவே மாட்டங்கே." சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றிவிட்டு மறுபடி முயன்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக நிமிர்ந்தார். "ஆனா ஒண்ணு தலைவரம்மா, பஸ் ஸ்டாண்டுல விளக்கு எரியாத விஷயத்தை நான் விட மாட்டேன். சொல்லிட்டேன்."

"விட வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் நஃபீஸத். "மூச்சை மட்டும் இப்போ விடுங்க. ரொம்ப நேரமாப் பிடிச்சு வச்சிருக்கிய."

பெனிட்டோ கண்ணை மூடிக்கொண்டு விட்டார். அது நீளமாக, சீழ்க்கை மாதிரி ஒரு சத்தத்தோடு வெளியே வந்தது. நீலாம்பாள் கோப்பை மேசை ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.